ஜெயரட்ணத்தின் நாற்பத்து மூன்று எண்கள்

"ஐயா, 'பி'யா 'டி'யா? பல்லுக் கட்டின பிறகு உங்கடை வாயிலை ரெண்டும் ஒண்டாத்தான் வருகுது."

'பி' என்றேன். ஜெயரட்ணம் நீல மையில் அதை எழுதிவிட்டு அடுத்த நான்கு எழுத்துகளுக்குக் காத்திருந்தார். திரையைப் பார்த்து நான் வாசிப்பேன், அவர் எழுதுவார். பிறகு அவர் வாசிக்க நான் சரிபார்ப்பேன். எழுத்தும் இலக்கமுமாக அறுபத்து நான்கு. ஒரு வரிக்கு ஆறு நிமிடம். அச்சிட்டு ஒட்டலாமே என்று ஒருமுறை கேட்டேன். "அச்சு மங்கும் ஐயா. ஒவ்வொரு நாளும் அந்த மிஷினோடைதானே மாரடிக்கிறன்" என்றார்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. வாரநாட்களில் பள்ளிக்கூடங்களுக்குப் போய் போட்டோகாப்பி மிஷின் திருத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் குடியேறிய இந்த ஊரின் ஏவன்டேல் சந்தையில் கீரை வாங்கி வந்து, பத்து மணிக்கு மடிக்கணினியைத் திறப்பார். ரயில் போகும்போது ஜன்னல் அதிரும்; அது அடங்கும்வரை பேனா நகராது.

அவரிடம் வருகிறவர்கள் ஊரில் நடந்த போரில் பிள்ளையைத் தொலைத்தவர்கள். பென்டிரைவில் ஒரு படமோ குரல்பதிவோ இருக்கும். ஒரு மென்பொருள் அந்தக் கோப்பு முழுவதையும் படித்து அறுபத்து நான்கு எழுத்தில் ஓர் எண் தரும். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுதும் மாறிவிடும். இன்னொரு மென்பொருள் கோப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டும். கடவுச்சொல்லை அவர்கள் தட்டும்போது ஜெயரட்ணம் எழுந்துபோய்க் குசினியில் அடுப்பருகே நிற்பார். "எனக்குத் தெரியாததை ஆரும் அடிச்சுக் கேக்கேலாது." அவருடைய இடது கையில் இரண்டு விரல்களுக்கு நகம் இல்லை. அதைப் பற்றி நான் கேட்டதில்லை.

படம் அவர்களோடு போய்விடும். எண் மட்டும், பெயருக்கும் தேதிக்கும் எதிரே, அவர் கையால் எழுதும் கொப்பியில் இருக்கும். இதுவரை நாற்பத்து மூன்று.

போன ஞாயிறு மவுண்ட் ரோஸ்கில்லிலிருந்து புஷ்பவதி வந்தார். கொப்பியில் பன்னிரண்டாவது பதிவு அவருடையது: 2016 செப்டம்பர் 18. 2009 மே மாதம் சரணடைந்தவர்களின் வரிசையில் அவர் மகன் நிமலன் நிற்கும் படம். அதற்குப் பிறகு நிமலனைக் கண்டவர் இல்லை. வியாழக்கிழமைக்குள் படத்தையும் கொப்பிப் பக்கத்தின் நகலையும் வெளிநாட்டு வழக்கறிஞர்களுக்கு அனுப்ப வேண்டும். இடையில் யாரும் படத்தைத் தொடவில்லை என்பதற்கு அந்த எண்தான் சாட்சி.

எண் பொருந்தவில்லை. முதல் எழுத்தே வேறு.

"படத்திலை ஏதும் செய்தனீங்களோ அக்கா?"

"ஒண்டும் செய்யேல்லைத் தம்பி. முகம் இருட்டாக் கிடக்குது எண்டு பிரசாந்தியைக் கொண்டு கொஞ்சம் வெளிச்சமாக்கினனான். அவ்வளவுதான்."

மகள் பிரசாந்தி அதைப் பழைய படத்தின் மேலேயே சேமித்திருந்தாள். வேறு பிரதி கிடையாது. படமெடுத்த கைபேசி எப்போதோ போய்விட்டது. இனி இதை வழக்கறிஞர்கள் ஏற்கமாட்டார்கள் என்று ஜெயரட்ணம் இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை புஷ்பவதிக்கு விளங்கியது.

கொப்பியை விரலால் தொட்டார். "உதிலை புது எண்ணை எழுதிவிட்டா ஆருக்குத் தெரியப்போகுது? ஐயா வாய் திறக்கமாட்டார்."

நான் மேசையைப் பார்த்தேன்.

"எழுதினா மற்ற நாப்பத்திரண்டு பிள்ளையளும் பொய்யாப் போகும் அக்கா."

"அப்ப என்ரை பிள்ளை?"

மாறாத கோப்பு எத்தனை முறை போட்டாலும் ஒரே எண்ணைத்தான் தரும். அதை எனக்குச் சொல்லித் தந்தவரே அவர். ஜெயரட்ணம் சட்டை நுனியால் திரையைத் துடைத்தார். பொத்தானை அழுத்தினார். அதே பொருந்தாத எண் வந்தது. கண்ணாடியைக் கழற்றி அதையும் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி அழுத்தினார்.