நனையாத துணி

தறியிலிருந்து அறுத்து வந்த புதுக் காடாத் துணிக்கு ஒரு வாசனை உண்டு. புளித்த கஞ்சியும் மிஷின் எண்ணெயும் பஞ்சுத் தூசியும் கலந்த அந்த வாசனை, முதலியார்பேட்டையில் மில் ஆட்கள் குடியிருந்த எங்கள் தெருவில், ஷிப்டு முடிந்து அப்பாக்கள் திரும்பும்போதெல்லாம் அவர்களோடு சேர்ந்து வீட்டுக்குள் வரும். எழுபதுகளின் கடைசியில் ஒரு காணும் பொங்கலன்று ஊசுட்டேரியின் நடுவில் அந்த வாசனை என் நெஞ்சில் அடித்தது.

என் அப்பா ஏழுமலை, துணி மில்லில் தறி ஓட்டினார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அங்கே மேஸ்திரி முதல் நாளே சொல்லிவைப்பது, "தறி நின்னா நிக்கட்டும், மொதல்ல துணியப் புடி" என்பது. மிஷினைப் பழுது பார்த்துக்கொள்ளலாம், கறை பட்ட துணியை ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பழக்கம் அப்பாவின் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது. வாசலில் கட்டிய கொடியிலிருந்து வேட்டி நழுவினால், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு ஓடி, அது மண்ணில் விழும் முன்பு பிடித்துவிடுவார். "எங்க வூட்டுல துணி கீழ விழாது, சோறுதான் விழும்" என்று அம்மா அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிச் சிரிப்பாள்.

காணும் பொங்கலுக்கு மில் லீவு. அப்பாவோடு வேலை செய்த அந்துவான் மாமாவும் அவர் மனைவி மேரி அத்தையும் நாங்களும் புளிசோறு கட்டிக்கொண்டு இரண்டு சைக்கிள்களில் ஏரிக்குப் போவது வழக்கம். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து ஏரி கரை தளும்ப நின்றது. மாமாவுக்குத் தெரிந்த மீன்காரர் ஒருவர், பண்டிகை நாளில் தான் வலை போடப் போவதில்லை என்று தன் தோணியைக் கொடுத்தார். மாமா சும்மா இருப்பாரா? "ஏழுமல, துடுப்புப் போட்டுச் சாவறதுக்கா வந்தோம்? வாடக்காத்து நல்லா அடிக்குது, பாய் கட்டிடலாம்" என்றார். பொங்கலுக்கு மில்லில் கொடுத்த புதுத் துணியை அப்பா முதல் நாளே சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டியதற்குக் காரணம் அப்போதுதான் அம்மாவுக்குப் புரிந்தது. "பசங்களுக்குப் போர்வைக்குன்னு வெச்சிருந்தேன்" என்று முணுமுணுத்தாள். "போத்திக்கலாம் அண்ணி, மொதல்ல ஏரி போத்திக்கட்டும்" என்றார் மாமா. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பட்டாளத்தில் இருந்தவரின் பிள்ளை அவர். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, "இன்னைக்கு நாந்தான் கப்பித்தேன்" என்று, கப்பல் தலைவனுக்கான பிரெஞ்சுச் சொல்லைத் தனக்கே சூட்டிக்கொண்டு பின்பக்கம் உட்கார்ந்தார்.

ஒரு மூங்கிலை நட்டு, குறுக்கே இன்னொன்றைக் கட்டி, துணியை விரித்தார்கள். கஞ்சி ஏறிய துணி ஆதலால் பலகை போல விறைத்து நின்று காற்றை வாங்கியது. யாரும் துடுப்பைத் தொடாமல் தோணி தானாக நகர்ந்தபோது நான் கை தட்டிக் கூவினேன். எட்டத்தில் தண்ணீர்க் கோழிகள் எழுந்து பறந்தன. என் தங்கை வள்ளி அப்போது பள்ளிக்கூடம் கூடப் போகாத குழந்தை. தோணியின் விளிம்பில் சாய்ந்து, கையைத் தண்ணீரில் விட்டு, கோடு கிழிவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அப்பாவின் வலது கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தாள்.

காற்று ஒரு முறை நின்று, வேறு பக்கத்திலிருந்து அறைந்தது. மூங்கிலைக் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து பாய்மரம் இடது பக்கம் சாய, தோணி வலது பக்கம் புரள, வள்ளி சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் போனாள். ஒரே நொடியில் இரண்டு பக்கமும் இரண்டு விழுந்தன. அப்பா பாய்ந்து எழுந்து இரண்டு கைகளையும் நீட்டிப் பிடித்தார்.

துணியைப் பிடித்தார்.

"ஐயோ, பாப்பா!" என்று அம்மா கத்திய கத்தலில் மாமா குதித்தார். அங்கே அவருக்கு மார்பளவுதான் தண்ணீர். ஆனால் சேறும் பாசியும் கலங்கியதில் குழந்தை எங்கே என்று தெரியவில்லை. அவர் முங்கினார், வெறுங்கையோடு எழுந்தார், மறுபடியும் முங்கினார். மேரி அத்தை "மாதாவே, மாதாவே" என்று வாயில் அடித்துக்கொண்டாள். பிறகு மாமா பாவாடையைப் பிடித்து வள்ளியைத் தூக்கினார். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வழிய, நீண்ட நேரம் போல் தோன்றிய ஒரு இடைவெளிக்குப் பின் அவள் இருமி அழுதாள்.

அதுவரைக்கும் அப்பா அப்படியே நின்றிருந்தார். மார்போடு அணைத்த துணியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அம்மா அந்தத் துணியைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. "கை தானா போச்சு..." என்றார் அப்பா. அந்தத் துணியாலேயே வள்ளியைத் துவட்டி, சுற்றி, மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு கரை வரைக்கும் வந்தார். துணி நனைய நனையக் கஞ்சி வாசனை எழுந்தது.

மறுநாள் காலையில் துணி கிழிபடும் சத்தம் கேட்டு விழித்தேன். அம்மா அந்தப் புதுத் துணியைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒன்றைத் தண்ணீரில் முக்கித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மில்காரர் வீட்டில் யாரும் செய்யாத காரியம் அது. அப்பா வாசற்படியில் நின்று ஒவ்வொரு கிழிசலையும் கேட்டுக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

அதன் பிறகு அப்பா தெருவில் இறங்கினால் வள்ளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். பாவாடை போய்த் தாவணி வந்த பிறகும் பிடித்தார், அவள் கூச்சத்தில் நெளிவாள். கல்யாணமாகி விழுப்புரத்துக்கு அனுப்பிய அன்று, பஸ் படியில் ஏறியவளின் கையை விடாமல் நின்றார். "பெரியவரே, வண்டி எடுக்கணும், கைய வுடுய்யா" என்று கண்டக்டர் விசில் ஊதினார். ஏரியைப் பற்றி அத்தனை வருஷமும் வாய் திறக்காத அம்மா, அருகில் போய் மெதுவாகச் சொன்னாள்: "வுடுங்க. இது ஏரி இல்ல."

அப்பா விட்டார்.

இன்று அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்த மில்லின் சங்கு நின்று வருஷக்கணக்காகிறது, அந்தக் கஞ்சி வாசனைத் துணி எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. போன பொங்கலுக்கு வள்ளி வந்திருந்தாள். ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்தோம். அன்று ஏரியில் நடந்ததைப் பற்றி அவள் என்ன நினைத்திருப்பாள் என்று இத்தனை காலமும் கேட்கக் கூசிய நான், அன்றைக்கு எப்படியோ கேட்டுவிட்டேன்.

"தண்ணியில வுழுந்ததெல்லாம் ஞாபகமே இல்லண்ணா" என்றாள். "அப்பா என்னை ஒரு துணியில சுத்தி மடியில வெச்சிக்கினு வந்தாரே, கஞ்சி வாசனையா இருக்கும், அது ஒண்ணுதான் ஞாபகம். குளிரவே இல்ல."

அப்பா இருந்து இதைக் கேட்டிருக்கலாம்.