இரணியன் சாகும் நேரம்

துலுக்காணத்துக்கு மச்சான் மேல் சந்தேகம் வந்து ஒரு வருஷம் ஆகிறது.

விஜயபுரம் பக்கத்தில் ஆண்டுதோறும் நடக்கும் இரணியன் கூத்தில் பத்தொன்பது வருஷமாக அவன்தான் இரணியன். யாரும் சொல்லித்தரவில்லை. காவலாளி வேஷத்தில் பின்னால் நின்று பார்த்தே ஒவ்வொரு அடியையும் கற்றுக்கொண்டவன். பகலில் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் சரக்கு தூக்கும் வேலை. பஸ் ஏறினால் கண்டக்டரே, "இன்னா இரணியா, டூட்டியா?" என்பார். பிள்ளைகள் அவன் சிரிப்பைப் போனில் பிடித்து வைத்திருக்கிறார்கள். நரசிம்மராக வருகிற சடகோபனை, துலுக்காணத்தின் மனைவி வள்ளியின் தம்பியை, அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. மூன்று நாள் விரதம் இருந்து, அத்திமரத்தில் செதுக்கிய சிங்க முகத்தைச் சுமப்பவன் அவன்தான்.

"சாமி விடியக்காலம் பத்து நிமிஷம் வருது," என்பான் துலுக்காணம். "அதுவரிக்கும் 'எங்கடா உன் ஹரி?'ன்னு கேக்கறவன் நானு. கேக்கறவன் கூடத்தான் ஜனம் முழிச்சிக்கினு இருக்கும்."

"அவங்கவங்க ஊட்ல கேக்க முடியாதத நீ அங்க கேக்கற. அதான் விசில் அடிக்கிறாங்க," என்பாள் வள்ளி.

அந்த ஜனம் காத்திருப்பது இரணியன் சாகும் பாட்டுக்கு. நரசிம்மர் மடியில் கிடந்தபடி ஏழு கண்ணி பாட வேண்டும். போன வருஷம் மூன்றாம் கண்ணியிலேயே சடகோபனுக்கு ஆவேசம் வந்து, தகர நகம் வயிற்றைக் கீறிவிட்டது. நான்கு தையல். பாட்டு பாதியில் போயிற்று. ஆவேசம் வந்தால் இழுத்துப் பிடிக்க நரசிம்மர் இடுப்பில் கயிறு கட்டி இரண்டு பேர் நிற்பார்கள். அன்று அந்தக் கயிறு தளர்ந்து கிடந்ததைத் துலுக்காணம் கண்ணால் பார்த்தான்.

"சாமி வந்தா மூணாவதா ஏழாவதான்னு எண்ணிக்கினு இருக்குமா?" என்றாள் வள்ளி.

"விசில் எகிறின எடத்துல கரெக்டா வந்துச்சே, அது எப்டி?"

"சாமிய சொல்றியா, என் தம்பிய சொல்றியா?"

"அதான் எனக்கும் புரியல."

இந்த வருஷம் வேலையில் இடுப்புக்குக் கட்டும் அகல பெல்ட்டை உடுப்புக்குள் கட்டிக்கொண்டான். கயிறு பிடிக்கத் தன்னோடு சரக்கு தூக்கும் ரங்கையாவையும் ரமணாவையும் அவனே நிறுத்தினான். சடகோபன் அதைப் பார்த்துவிட்டு, கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டச் சொன்னான். அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

கிழக்கு வெளுத்தது. காகிதத் தூண் கிழிந்து நரசிம்மர் வந்தார். மடியில் கிடந்த துலுக்காணம் முதலில் கயிற்றைப் பார்த்தான். விறைப்பாகத்தான் இருந்தது. முதல் கண்ணிக்கே விசில் பறந்தது. மூன்றாவதைத் தாண்டினான். நான்காவதை இழுத்துப் பாடும்போது மரமுகத்துக்குள்ளிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"மாமா, மூச்சு முட்டுது. கண்ணு இருட்டிக்கினு வருது. சீக்கிரம் செத்துடு."

மூன்று நாளாக அன்னம் தொடாதவன். முகத்துக்குள் காற்றும் போகாது. எதிரே வள்ளி உட்கார்ந்திருந்தாள். துலுக்காணம் மிச்சம் மூன்று கண்ணியையும் விழுங்கிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டான்.

கூட்டம் திகைத்தது. "இன்னா இரணியா, அதுக்குள்ள செத்துட்ட?" என்று ஒருத்தி கத்த, எல்லாரும் சிரித்தார்கள்.

திரைக்குப் பின்னால் முகத்தைக் கழற்றிப் பீடத்தில் வைத்துக் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். சடகோபன் பானகம் குடித்துக்கொண்டிருந்தான். மூச்சு சீராக இருந்தது.

"மூச்சு முட்டுதுன்னியே, மச்சான்?"

"நானா?" சடகோபன் சொம்பை இறக்கினான். "மொகத்த மாட்டினப்புறம் இன்னா பேசினேன்னு எனக்கு எப்டி மாமா தெரியும்?"

கூத்து முடிந்ததும் முகத்தின் முன் முதலில் விழ வேண்டியவன் இரணியன். அது வழக்கம். எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள். துலுக்காணம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். கும்பிட்ட கை பீடத்தைப் பார்த்து நீண்டிருந்தது. கண் மட்டும் பானகம் குடிப்பவனை விட்டு அகலவில்லை.