ஓடுதளத்தில் காய்ந்த மக்காச்சோளம்

செய்தவன்தான் முதலில் ஏற வேண்டும் என்று அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார்.

அவர் என்றால் விமானக்காரர். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம், முந்திரிக் காட்டுக்கு நடுவே சொந்த நிலத்தில் நீளமாகத் தார் போட்டு, ரெண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு சின்ன விமானத்தை வாங்கி நிறுத்தியிருந்தார். கயிற்றுக் கட்டிலுக்குச் சக்கரம் வைத்து, மேலே துணி போர்த்தி, முன்னால் ஒரு விசிறியை மாட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும் அது. அதற்கு வேண்டிய உயரம் காட்டும் மீட்டர், வேகம் காட்டும் மீட்டர், ரேடியோ எல்லாம் வெளிநாட்டுச் சாமான். அந்த விலைக்கு ஒரு டிராக்டர் வாங்கி வாசலில் நிறுத்திவிடலாம். அதனால் என்னைத் தேடி வந்தார்.

நான் பெரம்பலூரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவன். டிவி கெட்டால் ரிப்பேர் செய்யலாம் என்பதை ஜனங்கள் மறந்த பிறகு, போர்வெல் மோட்டாரைச் செல்போனிலேயே போட்டு அணைக்கிற பெட்டி செய்து விற்க ஆரம்பித்தேன். உள்ளே ஒயர்களை ஒட்ட ஈயம் வைப்பது பாதி நான், பாதி என் மனைவி. அவள் வைத்த பாதி எப்போதும் வேலை செய்யும். அந்தப் பெட்டி ஒன்று விமானக்காரர் வயலில் இடி மின்னலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதை நம்பி வந்து, மலிவாக ஒரு ரேடியோ செய்ய முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது ஒரு வியாதி. ஆகட்டும் சார் என்றேன்.

ரெண்டு வருஷம் ஆனது. ரெண்டு மீட்டர், ஒரு ரேடியோ, தரைக்கு அதே மாதிரி இன்னொரு ரேடியோ. அனுமதிக் காகிதங்களுக்கு அவர் அலைந்தார், சாமானுக்கு நான் அலைந்தேன். அவரைப் போல சின்ன விமானம் வைத்திருக்கிறவர்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்களாம். இது மேலே போய் ஒழுங்காகப் பேசினால் எல்லோரும் வாங்குவார்கள். பேசாவிட்டால் பெரம்பலூர்க்காரன் செய்தது ஊமை ரேடியோ என்று ஒரே நாளில் பரவிவிடும். பிறகு மோட்டார் பெட்டியைக்கூட ஒருத்தன் வாங்கமாட்டான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாத ஒரே விஷயம், சோதனைக்கு நானும் ஏற வேண்டும் என்பது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு மாடியில் தண்ணித்தொட்டி கழுவ ஏறுவது என் மனைவி. நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வேன். ஏணி ஆடுவதற்குக் காரணமே நான் பிடித்திருப்பதுதான் என்பாள்.

எனவே அன்று காலை ஓடுதளத்தில் என்னிடம் இருந்த காரணங்களையெல்லாம் எடுத்துவிட்டேன். பிரஷர் என்றேன். காலையில் சாப்பிட்ட பொங்கல் சரியில்லை என்றேன். கடைசியாக, "எனக்கு இன்னைக்கு சந்திராஷ்டமம் சார்" என்றேன்.

"எனக்கும்தான், ஏறுங்க தம்பி" என்றார்.

என் மனைவி முந்திரி மரத்தடியில் தரை ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலிருந்து நான் கூப்பிட வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும். இதுதான் சோதனை. மைக்கில் இருக்கும் பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். அழுத்தியிருக்கும்வரை எதிர்ப்பக்கம் பேசுவது எதுவும் காதில் விழாது. இந்த ஜாதி ரேடியோவின் சுபாவமே அப்படி. பேசிக்கொண்டே கேட்க முடியாதவர்கள் நம் வீடுகளிலும் உண்டு, அவர்களை நாம் குறை சொல்வதில்லை. பட்டன் அழுந்தியிருக்கிறது என்று காட்ட ஒரு சிவப்பு விளக்கு வைப்பார்கள். நான் அதை எடுத்துவிட்டேன். விரல் எங்கே இருக்கிறது என்று விரல்காரனுக்குத் தெரியாதா, அதற்கு ஒரு விளக்கா என்று அப்போது தோன்றியது.

விமானம் ஓட ஆரம்பித்தது. தார் முடிகிற இடத்தில் பனைமரங்கள் எங்களை நோக்கி நடந்து வந்தன. கதவு என்று அதில் ஒன்றும் கிடையாது, இடுப்பில் ஒரு பெல்ட்தான். பிடித்துக்கொள்ள எதையாவது தேடினேன். சாரின் கையில் இருந்த, விமானத்தை ஓட்டுகிற குச்சியைப் பிடிக்கக் கூடாது என்று ஏறும்போதே சத்தியம் வாங்கியிருந்தார். மீதி இருந்தது என் மைக். கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கட்டைவிரல் பட்டன்மேல் விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான். அது எனக்குத் தெரியாது. கழுத்துக்குக் கீழே இருந்த எந்த உறுப்பும் அப்போது என்னிடம் தகவல் சொல்லவில்லை.

பனை உச்சி காலடியில் போனது. "கூப்பிடுங்க" என்றார் சார், ஹெட்போனில்.

ஹலோ என்றேன். பதில் இல்லை. இன்னொரு ஹலோ. இல்லை. "அழுத்திப் பேசுங்க, விட்டுட்டுக் கேளுங்க" என்றார். அதெல்லாம் எனக்குத் தெரியும் சார், நான்தானே செஞ்சேன் என்று கோபமாகவே சொன்னேன். சொன்னதும் அழுத்திக்கொண்டேதான். காதில் ஒரு கரகரப்புகூட இல்லை. செத்த ரேடியோவை எனக்கு நன்றாகத் தெரியும், வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறேன். இது செத்துவிட்டது என்று தீர்மானித்தேன்.

அதற்கப்புறம் வந்த பயம் வேறு ஜாதி. அதுவரை விழுந்துவிடுவேனோ என்று பயந்தேன். இப்போது ரெண்டு வருஷமும் விழுந்துவிட்டது, பின்னாலேயே நானும் போகிறேன் என்று பயந்தேன். என் ரேடியோ செத்தால் என் மீட்டர் மட்டும் எப்படி உயிரோடு இருக்கும்? உயர மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். முள் கொஞ்சம்கூட அசையாமல் உண்மையைச் சொன்னது. நான் செய்த ஒரு பொருள் பொய் சொல்லக் கூடாதா என்று ஏங்கியது அன்று ஒருநாள்தான். கீழே அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைப் புகைபோக்கிகள், சுண்ணாம்புக்கல் வெட்டிய குழிகள், குழிக்குள் பச்சைத் தண்ணீர். ஒரு காலத்தில் இந்த ஊரே கடலாக இருந்ததாம். விழுந்தாலும் கடலில் விழலாம் என்று நினைக்கக்கூட வழியில்லாமல் ரொம்பத் தாமதமாகப் பிறந்திருக்கிறேன்.

சாமியைக் கூப்பிட்டேன். சிறுவாச்சூர்த் தாயே, மாவிளக்குப் போடுறேன், மொட்டை போட்டுக்கிறேன் என்றேன். அப்போதுதான் அன்று புதன்கிழமை என்று நினைவு வந்தது. அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். நடை சாத்தின நாளில் வேண்டினால் காதில் விழுமா என்று சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுப் பக்கம் திரும்பினேன். இனிமே தண்ணித்தொட்டிய நானே கழுவுறேன் என்றேன். அவ பேச்சக் கேட்டு மிக்ஸி ரிப்பேரோட நின்னிருக்கணும் என்றேன். அவ தம்பி கல்யாணத்துக்குக் காய்ச்சல்னு சொல்லிப் போகாம இருந்தது பொய்தான் என்றேன். சத்தத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன கேட்கப்போகிறது என்ற தைரியம். சார் நேராகப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. எஞ்சின் அதிர்வு என்று நினைத்தேன்.

ரேடியோ பேசாவிட்டால் இறங்கிவிட வேண்டியதுதான் என்று சொல்லி சார் விமானத்தைத் திருப்பினார். இறங்குகிறோம் என்றதும் எனக்கு அவர்மேல் பாசமே வந்துவிட்டது. விமானம் மூக்கைத் தாழ்த்தியது. முந்திரி மரங்கள் தெரிந்தன, ஷெட் தெரிந்தது. சார் எட்டிப் பார்த்தார். மறுபடி எட்டிப் பார்த்தார்.

"தம்பி, என் ரன்வே எங்க?"

இந்தக் கேள்வியை விமானம் ஓட்டுகிறவர் பக்கத்தில் இருப்பவனிடம் கேட்கக் கூடாது. நானும் பார்த்தேன். கறுப்பாகத் தார் இருக்க வேண்டிய இடத்தில் பளிச்சென்று மஞ்சள். அந்த மஞ்சளுக்குள் புடவைகள் நடமாடின. காலால் கிளறிவிட்டபடி நடந்தார்கள்.

மக்காச்சோளம். அறுவடை நாளில் எங்கள் பக்கம் வழவழப்பாக ஒரு தார் இருந்தால், அது நெடுஞ்சாலையாக இருந்தாலும் சரி, அதில் பாதி சோளத்துக்குச் சொந்தம். சாரும் பறக்காத நாட்களில் காயப்போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். விமானம் போய்விட்டது, இடம் காலி என்று கொட்டிவிட்டார்கள்.

அதன்மேல் சக்கரம் பட்டால் வழுக்கிக்கொண்டு போகும். ஆட்களும் நிற்கிறார்கள். சார் ஒரே இழுப்பில் எஞ்சினை அலறவிட்டு மூக்கைத் தூக்கினார். வானம் முகத்துக்கு நேராக வந்து நின்றது. நான் ரெண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டேன். மைக் மடியில் விழுந்தது.

அந்த நொடி காதில் என் மனைவி.

"பட்டன விடுங்க. ஏங்க, பட்டன விடுங்க. சோளம் கொட்டியிருக்காங்க, எறங்காதீங்க. பட்டன விட்டுத் தொலைங்க."

எத்தனையாவது தடவை சொல்கிறாளோ, தொண்டை கட்டியிருந்தது. ரேடியோ சாகவில்லை. அவ்வளவு நேரமும் அது என்னை ஒரு எழுத்து விடாமல் கீழே ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. மைக்கை எடுத்து, கேக்குது என்று ஒரு வார்த்தை சொல்லி, சூடு பட்ட மாதிரி விரலை எடுத்தேன்.

"கேக்குதா? கல்யாணத்தப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். இப்ப மேலயே இருங்க, கூட்டி ஒதுக்கச் சொல்றேன்" என்றாள்.

மேலேயே இருங்க என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். சார் மீட்டரைப் பார்த்தார். அது நான் செய்யாத மீட்டர், அதனால் அதையும் நம்ப முடியவில்லை. சுற்றினோம். ஒவ்வொரு சுற்றுக்கும் கீழே இருந்து சேதி வந்தது. கூட்டமாட்டேன் என்கிறார்கள், காய்ந்ததும் காயாததும் கலந்துவிடுமாம். பிறகு, ஒரு ஓரம் ஒதுக்கியாச்சு. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. ஏன் பேசமாட்டேங்குற என்று நான் கத்த, கையில வெளக்குமாறு இருக்குங்க என்று மூச்சு வாங்கப் பதில் வந்தது.

"இதுக்குப் போயி வெக்கப்படாதீங்க. பயந்தவன் கை பட்டன்லதான் போய் நிக்கும். சர்வீஸ்ல எனக்கே நடந்திருக்கு" என்றார் சார். ஆறுதலாக இல்லை. இத்தனை வருஷம் ஓட்டியவரே பயந்திருக்கிறார் என்பது மட்டும்தான் காதில் தங்கியது. ஆனால் பயம் போகாமல் இருக்கும்போதே மண்டையின் ஒரு மூலையில் கடைக்காரன் முழித்துக்கொண்டான். அந்தச் சிவப்பு விளக்கைத் திரும்ப வைக்கணும். கொஞ்ச நேரத்துக்கு மேல் அழுத்திக்கொண்டே இருந்தால் பெட்டி தானாகவே பேச்சை வெட்டிவிடணும். தைரியசாலிக்கு எந்த ரேடியோவும் போதும். நான் செய்ய வேண்டியது என்னைப் போன்றவனுக்கு.

இறங்கினோம். நடுவில் ஒரு வண்டித்தடம் அளவுக்கு மட்டும் தார் தெரிந்தது, ரெண்டு பக்கமும் சோளக் கரை. கண்ணை மூடிக்கொண்டதால் மேற்கொண்டு வர்ணிக்க முடியவில்லை. சக்கரத்தில் சோளம் தெறித்துத் தகரத்தில் அடிக்கிற சத்தம் கேட்டது. பெண்கள் திட்டுகிற சத்தமும் கேட்டது, சோளத்துக்காக. கீழே இறங்கியதும் தாரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சார் கோபத்தை அடக்கிக்கொண்டு, விமானம் திரும்பி வரும்னு தெரியாதா என்று கேட்டார். நாற்பது வயது இருக்கும் ஒரு பெண், முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, சாவதானமாகப் பதில் சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரரு வெளிநாட்டு வேலைக்கு ஏறிப்போன பிளேனு ரெண்டு வருஷம் கழிச்சுத்தாங்க திரும்பி வந்துச்சு."

சார் குனிந்து சக்கரத்தில் சிக்கியிருந்த சோளத்தைத் தட்டிவிட்டார்.

என் பக்கம் திரும்பினார். பேசுவது ஊருக்கே கேட்கிற அளவுக்கு நன்றாக இருக்கிறதாம். ஆனால் கேட்பதைச் சரியாகச் சோதிக்கவில்லை, இன்னொரு தடவை போய்வரலாம் என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன், நிஜமாகவே பார்த்தேன். முடியவில்லை.

"நான் ஏறுறேன். பாதி ஈயம் நான் வச்சதுதானே" என்றாள் என் மனைவி.

தடுப்பதற்குள் புடவையைச் செருகி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். தரை ரேடியோ என் கைக்கு வந்தது. பனைமரங்களை அவர்கள் தாண்டினதைப் பார்த்தபோதுதான், மேலே இருந்தபோது எனக்கு வந்ததெல்லாம் பயமே இல்லை என்று தெரிந்தது. கூப்பிட்டேன். விரலை எடுத்துவிட்டு, எடுத்துவிட்டேனா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் காத்திருந்தேன். வெறும் இரைச்சல். அவள் பாதி ஈயத்தை நம்புகிறேன், என் பாதி?

"போன ஒடனே பேசமாட்டாங்க சார். எறங்கி, ரூமுக்குப் போயித்தான் போன் வரும்" என்றாள் சோளக்காரப் பெண், அனுபவசாலியாக.

ரேடியோ கரகரத்தது. "ஏங்க, சும்மா நைநைன்னு கூப்பிடாதீங்க. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரம் தெரியுது, பாத்துக்கிட்டு இருக்கேன்."

சார் கேட்ட சோதனை அத்தோடு முடிந்தது. ஆனால் அவள் இன்னும் தரைக்கு இறங்கவில்லையே. விமானம் முந்திரி மரங்களுக்குப் பின்னால் போய்ச் சத்தம் மெலிந்தது. ஓடுதளத்தைப் பார்த்தேன். எங்கள் சக்கரம் சிதறடித்த சோளம், ஒதுக்கின தடத்தில் மறுபடி பரவிக் கிடந்தது. விளக்குமாற்றைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை. ரேடியோவை அக்குளில் இடுக்கிக்கொண்டு மண்டியிட்டு, ரெண்டு கையாலும் அள்ள ஆரம்பித்தேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு முறத்தோடு எதிரில் வந்து குந்தினாள்.