ஓடைக்கரைக் குழாய்

தகரக் குடம் ஒன்று சரிவில் உருண்டு போகிற சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற ரோட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. பஞ்சாயத்துக் குழாயடியில் நிறைந்து நின்ற அந்தக் குடத்தைக் காலால் உதைத்தவர் ஊர் பிரசிடெண்ட். குடம் என் அக்காவுடையது.

அக்கா என் தாய் வயிற்றில் மூத்ததாகப் பிறந்தவள். ஆண்பிள்ளை என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். மீசை அரும்புகிற வயதில் அவள் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டபோது, அப்பா மாட்டை அடிக்கிற குச்சியால் அடித்து வெளியே தள்ளினார். பிறகு தன்னைப் போன்ற இன்னும் இரண்டு பேரோடு ஓடைக்கரையில் குடிசை போட்டுக்கொண்டு, கடலை மில்லில் மல்லாட்டை உடைத்துப் பிழைத்தாள். இப்போது திருநங்கை என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு ஊர் சொன்ன வார்த்தையை என் கையால் எழுத மாட்டேன்.

குடத்தை உதைத்ததற்குப் பிரசிடெண்ட் ஒரு காரணமும் வைத்திருந்தார். "வீட்டு வரி கட்றவங்களுக்குத்தான் ஊர்த் தண்ணி. நீங்க இன்னா வரி கட்டிக்கினு இருக்கீங்க?" என்றார். அக்கா மறுநாளே முந்தானையில் காசை முடிந்துகொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள். கிளார்க்கு வாங்கவில்லை. கதவு நெம்பர் இல்லாத வீட்டுக்கு எப்படி வரி போடுவது என்றான். நெம்பர் போடு என்றால், பிரசிடெண்ட் சொல்லவேண்டும் என்றான். பிரசிடெண்ட் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நெம்பர் போட்டா நாளைக்கு ஓட்டு கேக்க உங்க வாசல்ல நான் வந்து நிக்கணும். நீங்க மூணு பேரும் கும்மியடிச்சிக்கினு வரவேப்பீங்க. எனக்குத் தேவையா இந்த பேஜாரு?" என்றார். ஆபீசே சிரித்தது. அக்கா ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தாள். அந்தக் கோடையில் அவளோடு இருந்த ஒருத்தி வாந்தியும் பேதியுமாய்ச் செத்துப்போனாள்.

நான் அழவில்லை. காத்திருந்தேன்.

பஞ்சாயத்தில் பொம்பளை ஒருத்தியாவது இருக்கவேண்டும் என்பது அப்போதைய சட்டம். நின்று ஜெயித்தவள் இல்லையென்றால் மெம்பர்களே ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம். பிரசிடெண்ட் என்னைச் சேர்த்தார். எனக்குக் கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் படிப்பு. என் வீட்டுக்காரர் ஓட்டியது அவருடைய லாரி. பெற்ற அப்பனே துரத்திய பிள்ளையைக் கூடப்பிறந்தவளும் தலைமுழுகியிருப்பாள் என்றும் அவர் நினைத்தார். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் அப்படித்தான் என்பதால், நினைத்ததில் ஆச்சரியமில்லை. என்னைத்தான் அவருக்குத் தெரியவில்லை. கூட்டம் நடக்கும்போது ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வருவேன். அடக்கமான பொம்பளை என்று பேர் வாங்கினேன்.

ஒருநாள் மெம்பர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பாதிப் பேர் பிரசிடெண்ட்மேல் நம்பிக்கை இல்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். திண்டிவனத்திலிருந்து அதிகாரி வந்து ஓட்டெடுப்பதாக ஏற்பாடு. இரண்டு பக்கமும் சமமாக நின்றது. மிச்சம் என் கை. பிரசிடெண்ட் என் வீட்டு வாசலுக்கே வந்தார்.

"தங்கச்சி, உனக்கு இன்னா வேணுமோ கேளு. உன் கை என் பக்கம் இருக்கணும்."

"ஓடைக்கரை வீட்டுக்கு நெம்பர் போடுங்க. வரி வாங்குங்க. அங்கியே ஒரு குழாய் போட்டுக் குடுங்க."

"அதுங்களுக்கா?"

"எங்க அக்காவுக்குங்க."

"இத்தினி நாளா வாயத் தொறக்கலியேம்மா நீ?"

"நீங்க கேக்கலியே."

ஜல்தி ஜல்தியாக வேலை நடந்தது. காசு வாங்க மறுத்த அதே கிளார்க்கு தார் டப்பாவும் கையுமாகப் போய் அக்காவின் கதவில் நெம்பர் எழுதினான். குழாயில் தண்ணீர் வந்த அன்று அக்கா கையால் பிடித்துப் பிடித்துக் கீழே விட்டாள். குடிக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

ஓட்டெடுப்பு நாளில், நம்பிக்கை இல்லாதவர்கள் கை தூக்கலாம் என்றார் அதிகாரி. எல்லாருக்கும் முன்னால் நான் எழுந்து நின்று தூக்கினேன். பிரசிடெண்ட் முகம் போன போக்கைத் திகட்டத் திகட்டப் பார்த்தேன்.

வாசலில் மறித்தார். "வார்த்தை குடுத்துட்டு இப்படிப் பண்ணிட்டியே, நீ நல்லா இருப்பியா?"

"கலங்கத் தண்ணி குடிச்சு ஒருத்தி செத்தாளே, அவளாண்ட போய்க் கேளுங்க" என்றேன்.

வீட்டுக்காரருக்கு லாரி வேலை அன்றே போனது. விக்கிரவாண்டியில் வேறு லாரி கிடைத்தது. அக்காதான் என்னைத் திட்டினாள். "கேட்டதக் குடுத்தாரு இல்ல? அப்புறம் இன்னாத்துக்குடி கால வாரின? புதுசா வர்றவன் குழாயப் புடுங்கிட்டான்னா?"

"நான் அங்க குந்திக்கினு இருக்கிற வரைக்கும் எவன் புடுங்குவான்?"

எவனும் பிடுங்கவில்லை.

இப்போது திருநங்கைகளுக்கு அரசாங்கம் அட்டை தருகிறது, வீடு தருகிறது என்கிறார்கள். தரட்டும். ஆனால் ஒரு பஞ்சாயத்தால் என்ன செய்துவிட முடியும் என்று யாராவது சலித்துக்கொண்டால் எனக்குக் கோபம் வரும். கொஞ்சம் தாரும் கொஞ்சம் பைப்பும்தான் செலவானது. அதைச் செய்யாமல் இருக்கத்தான் அவர்கள் அவ்வளவு பாடுபட்டார்கள்.

அந்தப் பழைய பிரசிடெண்ட் செத்தபோது ஊரே திரண்டு போனது. அக்காவும் ஒரு மாலை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்து, "பாவம்டி, உடம்பு வத்திப் போச்சு" என்றாள். எங்கள் தெருவில் பிணம் கிடக்கும்போது யாரும் அடுப்பு மூட்டமாட்டார்கள். நான் மூட்டினேன். மசாலா அரைத்துக் கறிக்குழம்பு வைத்தேன். அன்றைக்குக் காற்றும் அவர் வீட்டுப் பக்கமாகத்தான் அடித்தது.