பேபி நிரப்பிய கேள்வித்தாள்

பேபி கெட்ட தாய் என்று டோர்செட் பார்க்கில் குடியிருக்கும் தமிழர் ஒருவரும் சொல்லமாட்டார்கள். பகலில் பேக்கரி, பின்னேரம் அலுவலகம் கூட்டித் துடைப்பது. இரண்டு வேலையும் ஒரே மகள் நிலக்சிக்காகத்தான். அந்த மகளுக்கு ஒன்பது வயதில் நீரிழிவு வந்ததை மட்டும் மூன்று வருடமாகச் சொந்தக்காரருக்கு மூடி மறைத்தாள். "வெளியிலை கதைச்சுப்போடாதை. நாளைக்கு ஆர் உன்னைக் கட்டுவினம்?" என்பாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளைக் கவலை!

நிலக்சி கூட்டாளிகளின் போனை எடுக்காமல் விட்டாள். பள்ளிக்கூடத்தால் வந்ததும் போர்த்துக்கொண்டு கிடந்தாள். பேபி அதைப் பஞ்சி, சோம்பல் என்றாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியின் நீரிழிவுக் கிளினிக்கில் கிளடிஸ் என்ற நேர்ஸ் பிள்ளையிடம் ஒரு கேள்வித்தாளை நீட்டுவாள். கவலையாக இருக்கிறதா? எதிலும் விருப்பமில்லையா? கடைசியாக, இல்லாமல் போய்விட்டால் நல்லது என்று நினைத்ததுண்டா? கிளடிஸ் அப்பால் போனதும் பேபி பேனையைப் பறித்து, எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று புள்ளடி போடுவாள்.

"உனக்கென்ன குறை? விசர், மூளை பிசகெண்டு பதிஞ்சுபோடுவாங்கள்."

நிலக்சி பெரியபிள்ளையானாள். சாமத்தியவீடு பெரிய மண்டபத்தில் நடந்தது, முந்நூறு பேர். படத்தில் தெரியும் என்று பேபி காலையிலேயே மகளின் இடுப்பில் இருந்து மருந்து ஏற்றும் இன்சுலின் பம்பைக் கழற்றித் தன் கைப்பைக்குள் வைத்தாள். "இண்டைக்கு மட்டும் ஊசியைப் போடு பிள்ளை." நிலக்சி ஓம் என்றாள். போடவில்லை. ஒஷாவாவிலிருந்து வந்த மச்சாள் கேக் ஊட்டினாள், வந்தவர்கள் பலகாரம் ஊட்டினார்கள். பிள்ளை ஒன்றையும் மறுக்காமல் சிரித்துச் சிரித்து வாங்கினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மகள் சிரிக்கிறாள் என்று பேபிக்கு நெஞ்சு குளிர்ந்தது. பாவி, அந்தச் சிரிப்பையாவது சந்தேகப்பட்டிருக்கலாம்.

அடுத்த நாள் காலை வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் பிள்ளை எழும்பி இருந்தாள். ஊசி போட மறந்துவிட்டாயா என்று டொக்டர் கேட்டார். மறக்கவில்லை என்று ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னாள்.

டொக்டர் போனதும் ஒஷாவா மச்சாளின் போன் வந்தது. "ஒண்டுமில்லை மச்சாள், மண்டபத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை," என்றாள் பேபி, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே.

டொக்டர் சொல்லிக் கிளடிஸ் வந்தாள். அதே கேள்வித்தாளைப் பிள்ளையின் மடியில் வைத்து, பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று போனாள். நிலக்சி அதைத் தாயிடம் நீட்டினாள்.

"நீங்களே போடுங்கோ அம்மா. உங்களுக்குத்தானே வடிவாத் தெரியும்."

பேபிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே வாசித்தாள். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு கடைசிக் கேள்விக்கும் 'இல்லை' என்றே போட்டாள்.

நிலக்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.