இன்னொருவன் வரைந்த என் வீடு

எங்கள் வகுப்பில் இருபத்திரண்டு பேர். தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர், நானும் அவனும். இன்டீரியர் டெகரேஷன் படித்தால் பெரிய ஆபீஸ்களில் எடுத்துக்கொள்வார்கள் என்று யாரோ சொல்ல, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த அப்பா அறுபதுகளின் நடுவில் என்னைக் கல்லூரியில் சேர்த்தார். அவன் ஏன் சேர்ந்தான் என்று நான் கேட்டதில்லை. அவன் பென்சில் சீவினால்கூட எனக்கு எரியும். அவனுக்கு முனை உடையாது. எனக்கு ஒரு ஷீட்டுக்கு மூன்று தடவையாவது உடையும்.

அவன் வீடு மாட்டுங்காவில். அப்பாவுக்கு ஆபீஸ் உத்தியோகம். என் வீடு தாராவியில். எங்கள் விலாசத்தில் 'மாட்டுங்கா லேபர் கேம்ப்' என்று இருக்கும். வேலைக்கு மனுப் போடும் எங்கள் பக்கத்துப் பையன்கள் பின்னால் உள்ள இரண்டு சொற்களை விட்டுவிடுவார்கள். நானும் கல்லூரியில் மாட்டுங்கா என்றே சொல்லிவைத்திருந்தேன். உண்மை தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

கடைசி வருஷம் ஆசிரியர் ஒரு வேலை கொடுத்தார். தெரிந்த வீடு ஒன்றை அளந்து, வசிக்கிறவர்களுக்கு ஏற்றபடி திருத்தி வரைய வேண்டும். முதலாவதாக வருகிறவனை, பெரிய கம்பெனிகள் இருக்கும் ஃபோர்ட் பகுதியில் ஓர் ஆபீஸுக்கு அவரே சிபாரிசு செய்வார். ஒரே ஓர் இடம்.

நான் அவன் வீட்டை வரைந்தேன். ஒரு சாயங்காலம் காபிக்குக் கூப்பிட்டிருந்தபோது கண்ணாலேயே அளந்துவிட்டேன். மூன்று அறை, எட்டு ஜன்னல், இரண்டு மின்விசிறி.

அடுத்த ஞாயிறு அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் பால் வாங்கித் திரும்பியபோது அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"இந்த ரூம்ல எட்டுப் பேரும் எப்படிப் படுத்துக்கறேள்?"

"ஆம்பிளைய மூணு பேரும் வெளிய கட்டில்ல தம்பி. மழை வந்துட்டா எல்லாரும் உள்ளதான். இந்தப் பெட்டியத் தூக்கி மேல வச்சாத்தான் சின்னவ காலு நீட்ட முடியும்."

"காலம்பற?"

"பைப்புல தண்ணி வந்துட்டா நிலைக்கும் அடுப்புக்கும் நடுவுல ஒம்பது கொடம் நிக்கும். பெறவு எவன் உள்ள வருவான்?" அம்மா சிரித்தாள். "இதப் போயி எழுதுதியளே."

அவன் கையில் சின்ன நோட்டு இருந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது. டீயைக் குடித்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பட்டும் என்று பால் பாத்திரத்தோடு நின்றேன். எதற்கு எழுதுகிறான் என்று யோசிக்கவில்லை.

ஷீட்டுகளைச் சுவரில் மாட்டிய அன்றைக்குத்தான் தெரிந்தது. என் ஷீட்டின் முன்னால் ஆசிரியர் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. இந்த வீட்டில் துணி எங்கே உலர்த்துகிறார்கள் என்று கேட்டார். எட்டு ஜன்னலை எண்ணிய எனக்கு அது தெரியவில்லை.

அவன் ஷீட்டின் முன்னால் பதினோரு நிமிஷம் நின்றார். வகுப்புக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே என் வீடு இருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒன்பது குடத்துக்கும் வாசல் நிலையை ஒட்டி இரண்டு தட்டு. தெற்குச் சுவர் நீளத்துக்கு ஒரு பரண். மழைநாளில் ஆண்கள் மூன்று பேரும் மேலே படுக்கலாம். பிறந்ததிலிருந்து அந்த அறையில் இருந்தவன் நான். எனக்கு அந்தப் பரண் தோன்றவில்லை.

குறை தெரிகிறவர்கள் சொல்லலாம் என்றார் ஆசிரியர்.

குறை இருந்தது. அவன் வந்தது ஜனவரியில். மழைக்காலத்தில் தெற்குச் சுவரோரம்தான் தகரக்கூரை ஆறு இடத்தில் ஒழுகும். பரணில் படுத்தவன் நனைந்து எழ வேண்டியதுதான். சொன்னால் அவன் ஷீட் விழுந்துவிடும். ஆனால் உனக்கு எப்படித் தெரியும் என்று மீதி இருபது பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். வாயைத் திறந்தேன். இருமினேன். அதோடு சரி.

சிபாரிசு அவனுக்குப் போயிற்று. படியிறங்கும்போது பக்கத்தில் வந்தான்.

"நீ ஏதாவது சொல்லுவேன்னு பார்த்தேன்."

"என்னத்தச் சொல்ல?"

"யார் வீடுன்னு சார் கேட்டார். தெரிஞ்சவா வீடுன்னு மட்டும் சொன்னேன். உன் பேரைச் சொல்லலை."

"ரொம்ப உபகாரம்."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "தப்பு ஏதாவது இருந்தா சொல்லுடா. ஆபீஸ்ல இதைக் காட்டணும்."

"ஒண்ணுமில்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

அந்த ஷீட்டைச் சுருட்டிக்கொண்டுதான் அவன் வேலையில் சேர்ந்தான். நான் செம்பூரில் ஒரு மரச்சாமான் கடையில் முப்பத்தொரு வருஷம் அலமாரி வரைந்தேன். அவன் அமைத்துக் கொடுத்த ஓட்டல்களைப் பற்றிக் கடையில் யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். அவன் கெட்டிக்காரத்தனத்தையாவது ஒருவழியாகப் பொறுத்துக்கொண்டேன். அன்றைக்கு என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தானே, அதை இன்றுவரை பொறுக்க முடியவில்லை.