ஆளுக்கொரு கறுப்புப் பெட்டி

எங்கள் வீடு இரண்டாகப் பிரிந்ததற்கு ஓர் ஆம்ப்ளிஃபயர்தான் காரணம் என்று நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது சொன்னால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது ஒன்பது வயது. சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

சுங்கை சிப்புட் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு, அப்பாவும் பெரியப்பாவும் காசு சேர்த்து ஈப்போவுக்கு வெளியே ஒரு வீடு வாங்கினார்கள். இரண்டு அறை, ஒரு கூடம். ஓர் அறையில் நாங்கள். மற்றதில் பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய இரண்டு பெண்கள். அப்பா லோரி ஓட்டினார். பெரியப்பா பேக்டரியில் பிட்டர். அண்ணன் தம்பி இரண்டு பேரும் வேலை முடிந்து வந்தால் ஒருவர் வராமல் மற்றவர் சாப்பிட உட்கார மாட்டார்.

சமையலறையில் கதை வேறு. அங்கே இரண்டு அடுப்பு, இரண்டு உப்பு டப்பா, இரண்டு துடைப்பம். அம்மாவும் பெரியம்மாவும் அந்த வருடம் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். பேச வேண்டியதை என் மூலமாகப் பேசினார்கள்.

“பெரியம்மாகிட்ட கேளு, தண்ணி புடிச்சி முடிச்சிட்டாங்களான்னு.”

பெரியம்மா கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருப்பார். நானும் திரும்பி அவரிடம் கேட்பேன். “முடிச்சாச்சுன்னு சொல்லு” என்பார். மறுபடி அம்மா பக்கம் திரும்பிச் சொல்வேன். இரண்டு பேருக்கும் காது நன்றாகத்தான் கேட்டது. பிறகு எதற்கு என் பிராணனை வாங்குகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வரும். சண்டை எதிலே ஆரம்பித்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

கூடத்தில் எங்களிடம் ஒரு செல்வம் இருந்தது. தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பியபோது வீட்டுச் சாமான்களை விற்றார். அதில் ஒரு ரெக்கார்டு பிளேயர், குமிழ்கள் வைத்த ஒரு சின்னப் பெட்டி, என் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் ஆகியவற்றை அண்ணனும் தம்பியும் வாங்கிவிட்டார்கள். இத்தனைக்கும் உயிர் கொடுக்க வேண்டிய ஆம்ப்ளிஃபயர் மட்டும் இல்லை. துரை அதைக் கப்பலில் ஏற்றிவிட்டார் என்றார் அப்பா. எரிந்துபோய்த் தூக்கிப் போட்டிருப்பார் என்றார் பெரியப்பா. எப்படியோ, ஸ்பீக்கர்கள் இரண்டும் வாயைத் திறக்காமல் கூடத்தில் நின்றன. ஒன்றின் மேல் பெரியம்மா பூச்சாடி வைத்தார். அடுத்த வாரமே மற்றதன் மேல் அம்மா ஒரு பூச்சாடி வைத்தார்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை அப்பாவும் பெரியப்பாவும் ஆம்ப்ளிஃபயர் வாங்கக் கிளம்பினார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். ஈப்போவில் ஒரு சீனர் கடை. கடை முதலாளியான அந்தத் தவுக்கே இளவயதில் தோட்டம் தோட்டமாகப் போய் ரேடியோ விற்றவர். என்னைவிட நன்றாகத் தோட்டத் தமிழ் பேசுவார்.

“அந்தச் சின்னப் பெட்டிக்கு வாய் இருக்கு, தொண்ட இல்லலா. தொண்ட இதுதான்” என்று சொல்லி ஒரு வெள்ளி நிறப் பெட்டியைக் காட்டினார்.

அப்படி ஓர் அழகை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. முகப்பில் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் நீல வெளிச்சத்தில் இரண்டு முள். பாட்டைப் போட்டதும் முள் இரண்டும் எழுந்து ஆடின. பாட்டு ஏறினால் அவையும் ஏறின. நான் பாட்டைக் கேட்கவே இல்லை.

அப்பாவும் சொக்கித்தான் போயிருந்தார். ஆனாலும் விவரம் தெரிந்தவர்போல, “எத்தன வாட்?” என்று கேட்டார். தவுக்கே நாற்பது என்றார். “எங்க வீட்டு பல்பே அறுபதுலா” என்றார் அப்பா, ஏமாற்றத்தை மறைக்காமல். தவுக்கே பொறுமையாக ஏதோ விளக்கினார். பல்பு வாட் வேறு, பாட்டு வாட் வேறு என்பது வரைக்கும் எனக்குப் புரிந்தது. அதற்கு மேல் அப்பாவுக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை.

பெரியப்பா எங்கள் பக்கம் வரவே இல்லை. கடையின் மூலையில் இரண்டு கறுப்புப் பெட்டிகள் இருந்தன. கண்ணாடி இல்லை, முள் இல்லை, குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு. ஒரு பெட்டி ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும்தான் வேலை செய்யும். அதனால் இரண்டாக வாங்க வேண்டும். பெரியப்பா அவற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, இது இருக்கட்டும்.”

“எதுக்குண்ணே ரெண்டு? அந்த ஒன்னுலயே ரெண்டு பக்கமும் பாடுதுலா.”

“ஒன்னு கெட்டுப்போனா எல்லாம் ஊமையாயிரும். ரெண்டா இருந்தா ஒன்னாச்சும் பாடும்.”

எதற்கும் ‘தம்பிக்குப் புடிச்சா சரி’ என்று சொல்கிறவர் பெரியப்பா. வீட்டுக்கு என்ன சாயம் அடிப்பது என்பதிலிருந்து எங்கள் நாய்க்கு என்ன பெயர் என்பது வரை அப்பா சொன்னதுதான். அவர் இப்படி ஒற்றைக் காலில் நின்று அப்பாவும் பார்த்ததில்லை. அப்பா உதவிக்குத் தவுக்கேயைப் பார்த்தார். தவுக்கே பெரியப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ரெண்டும் நல்ல சாமான்தான்” என்று சொல்லி, தூசியே இல்லாத மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

நான் காலைத் தரையில் உதைத்து அழுதேன். நான் கேட்டு இல்லை என்று சொல்லாத பெரியப்பா எனக்குப் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். விட்டுக்கொடுக்கவில்லை. கூட ஆகும் காசைத் தானே போட்டுக்கொள்வதாகச் சொல்லிக் கறுப்புப் பெட்டிகளை லோரியில் ஏற்றினார்.

வீட்டில் அம்மா பெட்டிகளைப் பார்த்தார். “ஒன்னு போதாதாமா? எதுலயும் ரெண்டு கேக்குற பழக்கம் யாரு சொல்லிக் குடுத்ததுன்னு பெரியம்மாகிட்ட கேளு.” நான் கேட்டேன். எப்போதும் சுடச்சுடப் பதில் தருகிற பெரியம்மா, அன்றைக்கு என் தலையை ஒரு தடவு தடவிவிட்டு உள்ளே போய்விட்டார். “தலையத் தடவிட்டுப் போய்ட்டாங்க” என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஆனால் பாட்டு நன்றாக இருந்தது. அதை மறுத்துச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்ததும் அப்பா ரெக்கார்டு போடுவார். எனக்குப் பிடித்த பாட்டில் பாடுகிற பெண் இடது ஸ்பீக்கரில் இருந்தாள். வயலின்காரர்கள் எல்லாரும் வலது பக்கம். அம்மா இடது ஓரம், பெரியம்மா வலது ஓரம். நட்ட நடுவில் உட்கார்ந்தால்தான் பாட்டு ஒன்றாகச் சேரும் என்று பெரியப்பா என்னை இழுத்து நடுவில் உட்கார வைப்பார். சில ஞாயிறுகள் அப்படிப் போயின. அந்த வீட்டில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை.

பிறகு ஒரு மாலை பெரியப்பா வந்து, பேக்டரியில் தன்னைக் கமுந்திங்கில் இருக்கும் கிளைக்கு மாற்றிவிட்டார்கள் என்றார். திடீரென்று சொல்கிறார்கள், மறுத்தால் வேலை போய்விடும், அங்கேயே ஒரு வீடு பார்க்க வேண்டியதுதான். அப்பா நாற்காலியை உதைத்தார். மேனேஜரைப் போய்ப் பார்க்கிறேன் என்றார். பெரியப்பா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அப்பாதான் தன் லோரியிலேயே அவர்கள் சாமான்களை ஏற்றிப் போனார். எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொன்னார். பெரியப்பா கேட்கவில்லை. வலது பக்கத்து ஸ்பீக்கரையும் ஒரு கறுப்புப் பெட்டியையும் மட்டும் கழற்றினார். மற்றதை அங்கே வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

“ஆளுக்கு ஒன்னு தம்பி. சரியா இருக்குலா?”

பெரியம்மா போகும்போது அம்மாவின் கையைப் பிடித்தார். அம்மா ஓவென்று அழுதார். இத்தனை நாள் பேசாதவர் எதற்கு அழுகிறார் என்று எனக்குக் குழப்பம். பேசச் சொல்லி என்னைக்கூட யாரும் கூப்பிடவில்லை.

அந்த ஞாயிறு அப்பா ரெக்கார்டு போட்டார். அந்தப் பெண் பாடினாள். பிறகு நிறுத்தினாள். வயலின் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் உட்கார்ந்து அவள் மறுபடி ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தோம். அந்த நேரத்தில் கமுந்திங்கில் வயலின் வாசித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மண்டைக்குள் கணக்கு தெளிவாக ஓடியது. வெள்ளிப் பெட்டியை வாங்கியிருந்தால் இரண்டாகப் பிரிக்க முடியாது. பிரிக்க முடியாவிட்டால் பெரியப்பா போயிருக்க மாட்டார். ஆகவே கறுப்புப் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெள்ளிப் பெட்டியை வாங்கினால் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள்.

அடுத்த முறை டவுனுக்குப் போனபோது, அம்மா துணிக்கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, இரண்டு கடை தள்ளியிருந்த தவுக்கேயிடம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்.

“நீங்க மூனு பேரும் வர்றதுக்கு முன்னாடி, உங்க பெரியப்பா மட்டும் ஒரு நாளு வந்தாரு பாப்பா. கமுந்திங்குக்குப் போறேன்னு அவருதான் பேக்டரியில எழுதிக் குடுத்திருக்காரு. தம்பிகிட்ட இன்னும் சொல்லலன்னாரு. ரெண்டு வீட்டுல பிரிச்சி வெச்சா தனித்தனியா பாடுற மாதிரி ஆம்ப்ளி இருக்கான்னு கேட்டாரு. இருக்கு, ஆனா பாட்டு பாதிதான் வரும்னு சொன்னேன். ‘பாதி போதும் தவுக்கே, எங்களுக்குள்ள சண்ட வரக்கூடாது’ன்னாரு.”

இதையெல்லாம் எதற்கு என்னிடம் சொல்கிறார் என்று எனக்குப் பொறுமை போய்விட்டது. “மாத்தித் தருவீங்களா, மாட்டீங்களா?” என்று கேட்டேன்.

“வெள்ளிப் பெட்டி வித்துப்போச்சு.” என் முகம் போன போக்கைப் பார்த்து இரங்கியிருப்பார் போலிருக்கிறது. “அழுவாத. அந்தச் சின்னப் பெட்டி பின்னால ஒரு சுவிட்ச் இருக்கும். அத மேல தள்ளுனா ஒரே ஸ்பீக்கர்ல முழுப் பாட்டும் வரும். அப்பாகிட்ட சொல்லு.”

அதைக் கேட்டதும் மற்றதெல்லாம் என் தலையிலிருந்து இறங்கிவிட்டது. வீடு வந்து சேரும் வரை சுவிட்ச், சுவிட்ச் என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். அப்பா அப்போதுதான் ரெக்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, பின்னால ஒரு சுவிட்ச் இருக்காம். தள்ளுனா வயலினும் வருமாம்.”

“தெரியும்மா. இருக்கட்டும்.”

தெரிந்தும் ஒருவர் ஏன் பாதிப் பாட்டைக் கேட்பார் என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்தப் பெண் ஒரு வரி பாடி நிறுத்தினாள். அப்பா வலது ஸ்பீக்கர் நின்றிருந்த வெறும் சுவரைப் பார்த்தார்.

“அந்தப் பேக்டரிக்காரன் மட்டும் மாத்தாம இருந்திருந்தா, அண்ணன் இங்கதான் இருந்திருப்பாரு. நாசமாப் போவான்.”

“நாசமாப் போவான்” என்று நானும் சொன்னேன்.